ரத்தம் வரும் இடத்தில்தான் பிரஷ் பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த ஒரு கேள்வி பதிலைப் பற்றி எழுதுகிறேன். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, வலி எதுவும் இல்லை, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பதிலில் மூன்று யோசனைகள் இருந்தன. வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுங்கள், கிருமிநாசினி மவுத்வாஷால் கொப்பளியுங்கள், ரத்தம் வரும் இடத்தில் சில நாள்கள் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டால் பெரிய கெடுதல் வந்துவிடாது. மூன்றாவது தவறு. அதற்கு மட்டுமாவது திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் சொல்லாமல் திருத்தம் கேட்பது முறையில்லை என்பதால் கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், காரணம் சொல்லும் பகுதியை மட்டும் வெட்டாமல் வெளியிடுங்கள்.

நான் பல் மருத்துவர் இல்லை. மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இதயத்துக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒருவர், வலிப்புக்கு இன்னொருவர் என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்த மாத்திரைகள் எல்லாம் எங்கள் கைக்குத்தான் ஒன்றாக வந்து சேரும். சீட்டை நீட்டிவிட்டு, போகிற போக்கில், "ஈறுல ரத்தம் வருதும்மா, அதுக்கும் ஒரு மாத்திரை சேத்துக் குடுங்க" என்பார்கள். "அந்தப் பக்கம் துலக்குறீங்களா?" என்று நான் கேட்பேன். "ரத்தம் வருதே, அதனால அந்தப் பக்கம் போறதே இல்ல." ஏறக்குறைய எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். இந்தப் பழக்கத்துக்கு இப்போது உங்கள் பத்திரிகையும் அச்சில் ஒப்புதல் கொடுத்துவிட்டது.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் வழவழப்பான ஒரு படலம் படிகிறது. நிறமில்லாததால் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணுயிரிகளும் அவை தங்களைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் பசையும்தான் அது. நன்றாகத் துலக்கிய பல்லிலும் சில மணி நேரத்தில் மறுபடி படியத் தொடங்கிவிடும். நுண்ணோக்கியால் பெயர்பெற்ற டச்சுக்காரர் ஆன்டனி வான் லீவன்ஹூக் 1683இல் தன் பல்லிடுக்கிலிருந்து இதைச் சுரண்டி எடுத்து, தானே செய்த லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே உயிர்கள் ஓடுகின்றன என்று ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். தினமும் ஒழுங்காகப் பல் தேய்க்கிற ஆள்தான் அவர்.

இந்தப் படலம் அப்படியே தங்கிவிட்டால் உடல் சும்மா இருக்காது. அந்த இடத்து நுண்குழாய்கள் விரியும், வெள்ளணுக்கள் வந்து குவியும், ஈறு சிவந்து உப்பும். பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்பக்கத்தில் ஈறின் மேல்படை மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு புண்களாகும். பிரஷ் அங்கே பட்டதும் ரத்தம் எட்டிப் பார்க்கிறது. பிரஷ் படுவதற்கு முன்பே அங்கே புண் இருந்திருக்கிறது. அந்த இடத்தைத் துலக்காமல் விட்டால் படலம் தடிக்கும், வீக்கம் கூடும், அடுத்த வாரம் இன்னும் லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் ஒதுங்குவார்கள்.

இது வெறும் ஊகமில்லை, சோதித்துப் பார்த்த விஷயம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஈறு ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு அது. ஈறு நன்றாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதையே நிறுத்திக்கொண்டார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. ஒருவர்கூடத் தப்பவில்லை. பிறகு மறுபடி துலக்க ஆரம்பித்தார்கள். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஒரு வாரம், பத்து நாளில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. உங்கள் பதிலைப் பின்பற்றப்போகும் வாசகி செய்யப்போவது இந்தச் சோதனையின் முதல் பாதியை. அவருக்குத் தேவை இரண்டாம் பாதி.

எனவே அவருக்குச் சொல்ல வேண்டியது இது. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் பட்டே ஆக வேண்டும், ஆனால் முரட்டுத்தனமாக இல்லை. மிருதுவான நார் உள்ள பிரஷை எடுத்துக்கொள்ளுங்கள். நாரின் நுனி ஈறைப் பார்த்து 45 டிகிரி சாய்ந்திருக்கட்டும், பாதி நார் பல்லிலும் பாதி ஈறின் ஓரத்திலும் படட்டும். அதே இடத்தில் மெல்ல அதிரவைப்பதுபோல முன்னும் பின்னும் அசைத்துவிட்டு, அடுத்த இரண்டு மூன்று பல்லுக்கு நகருங்கள். மொத்தம் இரண்டு நிமிடம். கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்தையும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்தையும் மறக்காதீர்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் திறக்கின்றன, படலம் இறுகிக் கல்லான காரை அதிகம் பிடிப்பதும் அங்கேதான். சில வாரங்களிலேயே நார் விரிந்து சாய்ந்துவிட்டால் அழுத்தம் அதிகம் என்று பொருள். இந்த முறையை வகுத்துக் கொடுத்த சார்லஸ் பாஸ் பல் மருத்துவர் அல்லர், பொது மருத்துவர். நான் இப்படி எழுத்தில் பல் விஷயம் பேசுவதற்கு அவரைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன்.

பல்லுக்கும் பல்லுக்கும் இடையே எந்த பிரஷின் நாரும் போகாது. ஈறு வீக்கம் பெரும்பாலும் தொடங்குவதே அந்த இடுக்கில்தான். இடைவெளி குறுகலாக இருந்தால் ஃபிளாஸ் நூல், கொஞ்சம் அகலமாக இருந்தால் பல்லிடுக்குக்கென்றே வரும் சின்ன பிரஷ். இரவில் ஒரு முறை போதும். முதல் சில நாள்கள் ரத்தம் முன்பைவிடக் கூடுதலாகக்கூட வரலாம். அங்கேதான் பலரும் நூலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். விடாமல் செய்தால் ஒரு வாரத்தில் குறைய ஆரம்பிக்கும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் வீட்டில் செய்யக்கூடியது முடிந்தது, பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மவுத்வாஷுக்கு வருகிறேன். நான் அதிகம் எடுத்துக் கொடுத்த பாட்டில்களில் குளோர்ஹெக்சிடின் ஒன்று. நல்ல மருந்து. பல் பிடுங்கிய பிறகு, ஈறு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, பிரஷ் பிடிக்க முடியாத நோயாளிக்கு, அதற்கு இணை குறைவு. ஆனால் ஊறித் தடித்த படலத்துக்குள் அது எளிதில் இறங்காது, ஈறுக்கு அடியிலும் போய்ச் சேராது. வாரக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கில் சுவை மாறும். பற்பசையின் நுரைப் பொருள் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் துலக்கியதும் உடனே கொப்பளிக்கக் கூடாது, அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால், "அவ்வளவு நேரம் யாரு காத்திருப்பா" என்று சிரிப்பார்கள். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

வைட்டமின் சி விஷயத்தில் உங்கள் பதிலின் வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்த, வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமாக வைத்தியம் செய்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர் மளமளவென்று தேறினார்கள். ஆர்ஹஸிலும் 12 பேர், சாலிஸ்பரியிலும் 12 பேர். எண்தான் ஒன்று, விஷயம் வேறு. ஸ்கர்வி வருவதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை வைட்டமின் சி ஏறக்குறைய இல்லாமலே இருந்தாக வேண்டும். அதைத் தடுக்க ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் அளவே போதும். அப்படியே வந்தாலும் ஈறோடு நிற்காது. கால்களில் தோலுக்கடியில் ரத்தக் கசிவு, ஆறாத காயம், மூட்டு வலி, எழுந்திருக்க முடியாத சோர்வு என்று உடம்பு முழுக்கப் பேசும். சாதாரணமாகச் சாப்பிட்டு நடமாடுகிறவருக்கு ஈறில் மட்டும் ரத்தம் வந்தால் 500 மில்லிகிராம் மாத்திரை எதையும் ஆற்றப்போவதில்லை. வாயில் போட்டு மெதுவாகச் சப்பும் வகையாக இருந்தால் அதன் அமிலம் பல்லின் எனாமலைத்தான் அரிக்கும். ஈறுக்காக வாங்கிய மாத்திரையால் பல் தேய்வது என்ன நியாயம்?

சரி, பல் மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? நாள்பட்ட படலம் உமிழ்நீரில் உள்ள சுண்ணச்சத்தை வாங்கிக் கல்லாகிவிடும். அதுதான் காரை. அது பிரஷுக்கு அசையாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் புதுப் படலம் இன்னும் சுலபமாக ஒட்டும். அதைக் கருவி கொண்டு எடுப்பது ஸ்கேலிங். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. காரை அடைத்திருந்த இடம் காலியாகிறது, உப்பியிருந்த ஈறு வற்றி இறங்குகிறது, அதனால் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. சில நாள்கள் பல் கூசும். பல் ஆடுகிறது என்றால், ஏற்கெனவே எலும்பை இழந்து, காரையின் பிடியில் நின்றுகொண்டிருந்த பல் அது.

எலும்பு என்று சொன்னேன். ஈறு வீக்கம் மட்டும் இருக்கும்வரை எல்லாவற்றையும் பழையபடி திருப்பலாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு வீக்கம் உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் தாடை எலும்பையும் கரைக்கத் தொடங்கும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது, மேலும் கரையாமல் நிறுத்தலாம். இந்த நோயின் கடுமையான நிலையில் உலக வயதுவந்தோரில் சுமார் 19 சதவீதம் பேர், அதாவது 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள், இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022 அறிக்கையில் மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் இதன் சூட்சுமம். உங்கள் வாசகி "வலி இல்லை" என்று எழுதியதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டிருப்பார்.

வீக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார். 1 முதல் 3 வரை இருந்தால் பயமில்லை. 4, 5 என்று போனால் அங்கே ஈறு பல்லைவிட்டு விலகிப் பைபோல ஆகியிருக்கலாம், 6க்கு மேல் என்றால் கவலைப்பட வேண்டும். கம்பி பட்ட இடத்தில் ரத்தம் கசிகிறதா என்பதையும் குறித்துக்கொள்வார். ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று துளைத்துத் துளைத்துக் கேட்கும் நாம் இந்த எண்ணைக் கேட்பதே இல்லை. கேளுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பை ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேர்வரை சுத்தம் செய்வார்கள். சில வாரம், சில மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது அந்த எண் குறைந்திருக்கிறதா என்பதுதான் சிகிச்சை பலித்ததற்குச் சான்று.

ரத்தம் வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் பெரியண்ணன் சிகரெட்டை விடாதவர். "எனக்கு ஈறுல ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல" என்பார், ஏதோ பரிசு வாங்கியதுபோல. புகை ஈறின் ரத்த ஓட்டத்தையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே ரத்தம் காட்டாது. மணி அடிக்கிறதே என்று மணியின் நாக்கைக் கழற்றிவைத்த வீடு அது. முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்த பிறகுதான் அண்ணன் மருத்துவரிடம் போனார். எக்ஸ்ரேயில் அந்தப் பல்லைச் சுற்றிப் பாதிக்கு மேல் எலும்பு இல்லை. சிகரெட்டை விட்டவர்களுக்குச் சில வாரங்களில் ஈறில் ரத்தம் தலைகாட்டுவதுண்டு. அதைப் பார்த்துவிட்டு மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள்.

இனி என் சொந்தத் துறை. இதய வால்வுக்கோ மூளை ரத்தக்கட்டுக்கோ, ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு ரத்தம் சுலபமாக வரும், நிற்க நேரமாகும். உலோக வால்வு வைத்த ஒருவரின் மனைவி ஒரு நாள் ஜன்னலில் நின்று, ஈறு ரத்தம் நிற்கட்டும் என்று கணவர் தானாகவே வார்ஃபரின் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவதாகச் சொன்னார். அன்றே மருத்துவரிடம் அனுப்பினோம். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் அளவு இருக்க வேண்டியதைவிடக் கீழே கிடந்தது. வால்வில் ரத்தக் கட்டி உண்டானால் அடுத்தது பக்கவாதம். அளவைச் சரிசெய்து, பல் மருத்துவரிடம் அனுப்பிக் காரையை எடுத்த பிறகு, அதே முழு மாத்திரையில் ஈறு ரத்தம் ஏறக்குறைய நின்றது. இந்த மாத்திரைகளை ஈறுக்காக நீங்களே நிறுத்தக் கூடாது, குறைக்கக் கூடாது. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் திடீரென்று கூடினால் அன்றே ஐ.என்.ஆர் பாருங்கள்.

இதைவிடச் சத்தமில்லாமல் நடக்கும் ஆபத்து ஒன்று உண்டு. ஈறு என்றாலே மெட்ரோனிடசோல் என்ற ஆண்டிபயாட்டிக் மாத்திரையைத் தாங்களாகக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வார்ஃபரினோடு அது சேர்ந்தால் ரத்தம் உறையும் தன்மை வெகுவாகக் குறைந்து, ஈறில் மட்டுமில்லாமல் வயிற்றிலும் மூளையிலும்கூடக் கசியலாம். வாயில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்லும் இதே வேலையைச் செய்யும். ஆண்டிபயாட்டிக் மட்டும் சாப்பிட்டுக் காரையை விட்டுவைத்தால் நோய் திரும்பி வரும், அது வேறு கதை.

வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின், உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைப் பல்லின்மேல் வளரவைக்கும். வளர்ந்த ஈறுக்கு அடியில் பிரஷ் போகாது, ரத்தம் வரும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் மாற்று மருந்து யோசிப்பார். வலிப்பு மாத்திரையை மட்டும் கண்டிப்பாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களால் கொஞ்சம் படலம் இருந்தாலே ஈறு அதிகமாக வீங்கும். அப்போது பல் சுத்தம் செய்துகொள்ளலாமா என்று தயங்க வேண்டாம், தாராளமாகச் செய்யலாம். நடு மூன்று மாதங்கள் உட்கார்ந்து எழவும் வசதி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் அடங்க மறுக்கும். ஈறைச் சரிசெய்தால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி சற்றுக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எப்போது பல் மருத்துவருக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதும் பதிலில் இருந்திருக்க வேண்டும். எதுவும் படாமலே ஈறு ஒழுகினால், சுத்தமான துணியை மடித்து அரை மணி நேரம் அழுத்தியும் நிற்காவிட்டால், ரத்தத்தோடு காய்ச்சல், உடம்பில் காரணமில்லாத நீலத் திட்டு, தோலில் சிவப்புப் புள்ளிகள், வெளிறல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால், சில வாரங்களிலேயே எல்லா ஈறும் பொதபொதவென்று வீங்கினால், அன்றே பொது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000க்கும் 4,50,000க்கும் இடையில் இருப்பது இயல்பு. டெங்குவிலும் சில ரத்தப் புற்றுநோய்களிலும் அது சரிந்து, முதல் அடையாளம் ஈறில் தெரிவதுண்டு. இவையெல்லாம் அரிது. உங்கள் வாசகிக்கு இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்காமல் எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் உங்கள் பக்கத்தின் சிக்கல் என்று நினைக்கிறேன். கேள்வி அனுப்புவதற்கான படிவத்தில் பெயர், வயது, பிரச்சினை என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. நான்காவதாக ஒன்று சேருங்கள்: தற்போது சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன, எந்த நோய்க்கு, எத்தனை மில்லிகிராம். மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், நினைவிலிருந்து எழுதினால் பாதி தப்பாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை மருந்தாளுநர், உங்கள் நெடுநாள் வாசகி